சத்தம் கேட்டதாகச் சொன்ன என் நாத்தனார்

என் நாத்தனாரைச் சலவைக்கூடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘கஞ்சி’ என்பார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்காகக் ‘கஞ்சியக்கா’ என்பார்கள். சட்டைக் காலருக்குப் போடுகிற கஞ்சிதான். அவ்வளவு விறைப்பு. சிரித்தால் அபராதம் போட்டுவிடுவார்கள் என்பது போல உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டு நிற்பார். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்த புதிதில், இவரோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறோம் என்று எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தால், ‘வேற வேலை இல்லையா உனக்கு?’ என்று கேட்பார். இல்லை அண்ணி, இதைவிடப் பெரிய வேலை எனக்கு எதுவும் இல்லை.

என் கணவருக்கு அவர் அக்கா மட்டுமில்லை, பாதி அம்மா. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்ப்பதற்காகச் சலவைக்கூடத்தில் சேர்ந்தவர். நடுவில் ஒருவருக்குக் கழுத்தை நீட்டினார். அந்த மகானுபாவர் கொஞ்ச நாளில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். ‘அப்போ ரொம்ப அழுதாங்களா?’ என்று என் கணவரிடம் ஒரு முறை கேட்டேன். ‘துவைக்க ரெண்டு சட்டை கொறஞ்சுதுன்னு சொன்னாங்க. மறுநாள் வேலைக்குப் போயிட்டாங்க’ என்றார்.

பொய் அவர் வாயில் வராது. ஒரு முறை புது விரிப்பு ஒன்றை இஸ்திரியில் கருக்கிவிட்டார். யாரும் பார்க்கவில்லை. அழுக்குக் குவியலில் சொருகிவிட்டால் வேலை முடிந்தது. எல்லாரும் அப்படித்தான் செய்வோம். இவர் அதைத் தூக்கிக்கொண்டு போய் மேலாளரின் மேசையில் விரித்து வைத்தார். மேலாளரே மிரண்டு போனார். ‘உங்க நாத்தனாருக்குப் பொழைக்கவே தெரியலையே’ என்று கூட வேலை செய்கிறவர்கள் பல நாள் என்னைக் கேலி செய்தார்கள்.

வீட்டில் எங்களுக்குள் சண்டை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் நான் மடித்து வைத்த துணியை அவர் எடுத்து உதறுவார். ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி மடித்து வைப்பார். வாயால் திட்டினாலாவது பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்கலாம். இதற்கு என்ன பதில் சொல்வது? நானும் வீம்புக்கு மூலைகள் ஒட்டாமல் மடித்து வைப்பேன். என் கணவர் பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் துண்டு தேடிக்கொண்டு ஈரத் தலையோடு நிற்பார்.

அவர் சொல்லித்தான் எனக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய கூடம். இயந்திரங்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதனால் அங்கே யாரும் சத்தம் போட மாட்டோம். எல்லாம் கைப்பேச்சுதான். தோளைத் தட்டிக் காட்டினால் மேலாளர் வருகிறார். கட்டை விரலை உதட்டில் வைத்தால் தேநீர். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் ஈரத் துணியைச் சுருட்டி எறிவோம். கல்யாணமாகாத பெண்கள் அந்தக் கையாலேயே முழுக் காதல் கதையையும் சொல்லி முடித்துவிடுவார்கள்.

நானும் அண்ணியும் மடிப்பு மேசையில் ஜோடி. விரிப்பின் இரண்டு மூலையை அவர் பிடிப்பார், இரண்டை நான் பிடிப்பேன். உதறி இழுத்து நேராக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, என் முனையை அவர் கையில் கொடுப்பேன். வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத நாளில்கூட அங்கே கை தானாகக் கொடுக்கும், தானாக வாங்கும். வருடக்கணக்காக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் சூப்பர்வைசர் பார்க்கப் பசு மாதிரி இருப்பான். எல்லாரிடமும் சிரித்துப் பேசுவான். மழை நாளில் பஸ் வராவிட்டால் தன் வண்டியில் கொண்டுபோய் விடுவான். அண்ணியை விட்டிருக்கிறான், என்னையும் விட்டிருக்கிறான். அவன் ஜோக்குக்கு நான் சிரித்திருக்கிறேன். காலையில் அவன் போனில் வணக்கம் அனுப்பினால் நானும் பதில் வணக்கம் அனுப்பியிருக்கிறேன். இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் ஒவ்வொன்றுக்கும் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு நாள் மதியம், புதுத் துண்டுகள் வந்திருக்கின்றன, அடுக்க வேண்டும் என்று என்னைத் துணிக் கிடங்குக்குக் கூப்பிட்டான். போனேன். கதவைச் சாத்தினான். அதற்குமேல் நடந்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது. இங்கே மறுபடி சொல்ல மாட்டேன். நான் கத்தவில்லை, அதை மட்டும் சொல்கிறேன். ‘வேண்டாம்’ என்ற சொல் தொண்டைக்குக்கூட வரவில்லை. கை கால் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. முடிந்ததும் அவன் ஒரு துண்டை எடுத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். பாவி.

சாயங்காலம் வீட்டில் அண்ணியிடம்தான் முதலில் சொன்னேன். ஏன் அவரிடம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கேட்டு முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“கத்தினியா?”

“இல்ல அண்ணி. வாயே தெறக்கல.”

“சரி. மூஞ்சியக் கழுவிட்டு வா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு போலீஸுக்குப் போவோம்.”

என் கணவர் அவன் கையை முறிக்கிறேன் என்று கிளம்பினார். அண்ணி வாசலை மறித்து நின்றார். “நீ ஜெயிலுக்குப் போனா இவளுக்கு என்னடா லாபம்? வண்டிய எடு.” அவர் வண்டியை எடுத்தார். ‘நீ ஏன் அங்கே போனாய்’ என்று என் கணவர் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. இதற்காக அவருக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். போலீஸ் நிலையத்தில் இருந்த பெண் காவலரும் நல்லவர். தண்ணீர் டம்ளரைக் கையில் திணிக்காமல் பக்கத்தில் வைத்தார். என்ன நடந்ததோ அதை அப்படியே சொன்னேன், கத்தவில்லை என்பதையும் சேர்த்து. அண்ணியைத் தனி அறையில் விசாரித்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் ஊர் வாயைத் திறந்தது. ஐயோ, அந்த வாய்! ‘கத்தியிருக்கலாமே.’ ‘கடிச்சிருக்கலாமே.’ ‘அவன் வண்டில இவதானே ஏறிப் போனா?’ ஆளுக்கொரு யோசனை. அந்தக் கிடங்குக்குள் நான் கிடந்தபோது இத்தனை புத்திசாலிகளில் ஒருவரையும் காணோம். நிர்வாகம் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. ‘அவள் விரும்பித்தான் வந்தாள், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை’ என்று அவன் சொல்லிக்கொண்டு திரிந்தான். என்னை அரித்துத் தின்றது அந்த இரண்டாவது பாதிதான். நான் சொல்லவில்லையே. அப்படியென்றால் சட்டம் அவன் பக்கம்தான் நிற்குமோ என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போயிற்று.

வழக்கு இழுத்து இழுத்துக் கடைசியில் விசாரணைக்கு வந்தது. அரசு வக்கீல் ஒரு அம்மா. கைப்பை நிறைய வறுத்த கடலை வைத்துக்கொண்டு, பேசும்போதெல்லாம் மென்றுகொண்டே இருப்பார். விசாரணைக்கு முன்னால் இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அனுமதி வாங்கிச் சலவைக்கூடத்துக்கு வந்தார். இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கிடங்கைப் பார்த்தார். அங்கிருந்து மடிப்பு மேசைக்கு நடந்து வந்தார். அண்ணிக்கு நேர் எதிரில் நின்று ஏதோ கேட்டார். அண்ணி காதில் கையைக் குவித்து, “ஆ?” என்றார். வக்கீலம்மா மறுபடி கேட்டார். அண்ணி தலையை ஆட்டிக் ‘கேட்கவில்லை’ என்று கையைக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அவர் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

கொல்லைப்புறத்தில், துணி வண்டிகள் நிற்கிற இடத்தில் மூன்று பேரும் நின்றோம். வக்கீலம்மா கடலையை உள்ளே வைத்துவிட்டார்.

“நீங்க போலீஸ்ல, கிடங்குலேருந்து இவங்க கத்தின சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லியிருக்கீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி தரையைப் பார்த்தார்.

“பக்கத்துல நின்னு நான் பேசுறதே உங்களுக்குக் கேக்கலையேம்மா.”

“கேக்கலைங்க,” என்றார் அண்ணி. “அன்னிக்கும் எதுவும் கேக்கல.”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

“கத்தலைன்னா கேஸ் நிக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் அதான் தெரியும். அதான்...”

வக்கீலம்மா பெருமூச்சு விட்டார். கோபப்படவில்லை. துணி வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார்.

“கத்தணும், கடிக்கணும், காயம் காட்டணும்னு சட்டம் கேக்கலம்மா. அந்த ஆளு, ‘அவ வேணாம்னு சொல்லல’ங்கறான். கோர்ட் பாக்கப் போறது அத இல்ல. இவங்க சரின்னு சொன்னாங்களா? பயமில்லாம, மனசார, வாயாலயோ செய்கையாலயோ சரின்னு காட்டினாங்களா? அதத்தான் பாக்கும். பயத்துல ஒடம்பு மரத்துப் போய்க் கெடந்தா அதுக்குப் பேரு சம்மதம் இல்ல. வண்டில ஏறினாங்களா? ஏறினாங்க. வண்டில ஏறுறதுக்குத்தான் சம்மதம். அதோட அது முடிஞ்சுது.”

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கியது. இதை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? எங்கள் இருவருக்குமே சொல்லியிருக்கக் கூடாதா?

வக்கீலம்மா அண்ணியைப் பார்த்தார். “பொய்னு தெரிஞ்சப்புறம் அந்தச் சத்தத்தை நான் கோர்ட்ல சொல்ல விட மாட்டேன். எதிர் வக்கீலுக்கும் சொல்லித்தான் ஆகணும். உங்களச் சாட்சியா கூப்பிடாமலே விட்டுடலாம். ஆனா ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீங்க நிஜமா என்ன பாத்தீங்க?”

“ஒண்ணும் பாக்கலைங்க. கிடங்குலேருந்து வந்தா. பெட்ஷீட்டப் பிடிச்சா. மடிக்கறதுக்கு நான் கிட்டப் போனேன். கை கிட்ட வந்ததும் பெட்ஷீட்டக் கீழ விட்டுட்டுப் பின்னாடி போயிட்டா. இத்தன வருஷத்துல ஒரு நாள்கூட அவ கீழ விட்டதில்ல.”

“இத ஏம்மா போலீஸ்ல சொல்லல?”

“இதெல்லாம் ஒரு சாட்சியாங்க?” என்றார் அண்ணி.

வக்கீலம்மா துணி வண்டியிலிருந்து எழுந்தார். “யோசிச்சுச் சொல்லுங்க. இதச் சொல்லணும்னா கூண்டுல ஏறணும். ஏறினா மொதல்ல அந்தப் பொய்ய ஒத்துக்கணும். எதிர் வக்கீல் உங்களப் புழிஞ்சு காயப்போட்டுடுவாரு. உங்க பொய்யால இவங்க பேச்சும் அடிபடலாம். அடிபடாமலும் போகலாம். அதுக்கு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது.”

வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்தேன். அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் முறை.

“நான் சொன்னது ஒங்களுக்குப் போதலையா அண்ணி? வாயே தெறக்கலன்னு ஒங்ககிட்டதானே சொன்னேன்? நான் போடாத சத்தத்த நீங்க ஏன் போட்டீங்க? என்னயும் சேத்துப் பொய்க்காரி ஆக்கவா?”

எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். விறைப்பெல்லாம் எங்கே போயிற்றோ, தோள் இரண்டும் தொங்கிவிட்டன.

“எனக்குப் போதும்டி. நீ சொன்ன அந்த நிமிஷமே எனக்குப் போதும். அவங்களுக்குப் போதாதேன்னுதான் பயந்தேன்.”

அதைக் கேட்டதும் என் கோபம் பொசுக்கென்று அடங்கிவிட்டது. இஸ்திரியில் கருகிய விரிப்பைக்கூட மறைக்கத் தெரியாத மனுஷி, எனக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இத்தனை மாதமாக அதை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். திட்டுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அக்கா, பொய் சொன்னேன்னு நீங்களே கோர்ட்ல சொன்னா, ஒங்க மேலயே கேஸ் வந்துட்டா? வக்கீலம்மாதான் விட்டுடலாங்கறாங்களே.”

“வந்தா வரட்டும்டா. பெட்ஷீட்ட விட்டுட்டுப் பின்னாடி போனாளே, அத நான் மட்டும்தான் பாத்தேன். வேற யாரு போய்ச் சொல்றது?”

இந்த மாதிரி வழக்குகளைக் கதவைச் சாத்தி வைத்துத்தான் விசாரிப்பார்கள். என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்து விசாரித்தார்கள். கத்தினாயா என்று எதிர் வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். வேண்டாம் என்று சொன்னாயா? இல்லை. பிறகு? “என்னால முடியலைங்க. சரின்னும் நான் சொல்லல.” அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. அடுத்து அண்ணியைக் கூப்பிட்டார்கள். நான் திரைக்குப் பின்னாலேயே இருந்தேன். அவர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

போலீஸில் சொன்னதைப் பற்றி அரசு வக்கீல் கேட்டார். “சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னது பொய்ங்க,” என்றார் அண்ணி. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் கிழிந்தது.

எதிர் வக்கீல் துள்ளி எழுந்திருக்க வேண்டும். நாற்காலி சறுக்கிய சத்தம் கேட்டது.

“அப்போ நீங்க ஒரு பொய்க்காரி. ஒத்துக்கறீங்களா?”

“அந்த விஷயத்துல ஆமாங்க.”

“ஒரு பொய் சொன்னவங்க இன்னொரு பொய்யும் சொல்வாங்க, இல்லையா?”

நான் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லலாங்க. ஆனா ஐயா, அவ கத்தலைன்னு அன்னிக்கு சாயங்காலமே எங்கிட்ட சொல்லிட்டா. போலீஸ்லயும் அதான் சொன்னா. கத்தினேன்னு சொல்லுன்னு ஊரே சொல்லியும் அவ மாத்தல. பொய் சொன்னது நான். அவ இல்ல.”

நீதிபதி, ஒரு வயதான அம்மா, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார். அண்ணி விரிப்பைப் பற்றிச் சொன்னார். எதிர் வக்கீல் சிரித்தார். “கை வழுக்கியிருக்கும். இதுல என்ன இருக்கு?”

“வழுக்கியிருக்கலாங்க. வழுக்கினா குனிஞ்சு எடுப்பாங்க. அவ எடுக்கல. பின்னாடி போனா. எங்கிட்டேருந்து, ஒரே வீட்டுல சாப்பிடற எங்கிட்டேருந்து தள்ளிப் போனா. என்னமோ நடந்திருக்குன்னு அப்பவே எனக்கு மனசுக்குப் பட்டுச்சுங்க. கேக்காம விட்டுட்டேன்.”

அவர் அழுதார். கஞ்சியக்கா, நீதிபதிக்கும் வக்கீல்களுக்கும் முன்னால், வாய்விட்டு அழுதார். திரைக்கு இந்தப் பக்கம் நானும் அழுதேன்.

தீர்ப்பு நாளன்று அவன் குற்றவாளி என்று நீதிபதி வாசித்தார். எதிர்க்கவில்லை, கத்தவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு பெண் சம்மதித்தாள் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றார். ஒரு முறை சிரித்ததும், வண்டியில் ஏறியதும் வேறு எதற்கும் சம்மதமாகிவிடாது என்றார். முதல் நாளிலிருந்து நான் ஒரே மாதிரி பேசியிருக்கிறேன் என்றும், நான் சொன்னதை முழுவதும் நம்புகிறேன் என்றும் சொன்னார். ‘நம்புகிறேன்.’ அந்த ஒரு வார்த்தைக்காக அந்த அம்மாவை நான் நினைக்காத நாள் இல்லை. அண்ணியையும் விடவில்லை. சாட்சி போலீஸில் சொன்ன பொய் தவறு, எந்த நல்ல எண்ணத்தில் சொல்லியிருந்தாலும் தவறு. ஆனால் தானே முன்வந்து திருத்தியதால் கடுமையாக எச்சரித்து விடுகிறேன், அவர் நேரில் பார்த்ததை ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

வெளியே வந்தோம். என் கணவர் வண்டி எடுக்கப் போனார். கோர்ட் படியில் நானும் அண்ணியும் மட்டும் நின்றோம்.

“கடைசில எனக்குத் திட்டு விழுந்துச்சு, பாத்தியா?” என்று கேட்டார்.

“விழுந்துச்சு அண்ணி. நல்லாவே விழுந்துச்சு.”

“விழட்டும். வாங்கவேண்டியதுதான்.” மூக்கை உறிஞ்சினார். என்னைப் பார்த்தார். கை இரண்டும் பாதி தூரம் என் பக்கம் வந்து அந்தரத்தில் நின்றன. “ஏண்டி, ஒன்னக் கட்டிப் பிடிச்சுக்கட்டுமா?”

எனக்கு ஆசைதான். உயிரைக் கொடுத்து எனக்காகக் கூண்டில் ஏறியவரைக் கட்டிக்கொள்ளக் கசக்குமா? ஆனால் அன்று முழுக்க என்னைப் பற்றி, என் உடம்பைப் பற்றி அத்தனை வாய் பேசியிருந்தது. யாரும் என்னைத் தொடாமல் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்போல இருந்தது. என்ன நினைத்துக்கொள்வாரோ என்று ஒரு கணம் தயங்கினேன். அப்புறம் வாயைத் திறந்தேன்.

“வேணாம் அண்ணி.”

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். அண்ணியின் முகம் சுருங்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. கையை உடனே கீழே போட்டார்.

“சரி, வேணாம்,” என்றார். “பசிக்குது. எங்கயாவது ஒக்காந்து சாப்பிடலாமா? அதுக்காவது சரின்னு சொல்லுவியா?”

“சரி அண்ணி,” என்றேன்.